தின்னாத இரையின் கணக்கு

வேல்ஸின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்கோக்ஹோம் என்றொரு சிறு தீவு இருக்கிறது. ரொனால்ட் லாக்லி என்ற இயற்கையாளர் 1927 முதல் அங்கே குடியிருந்தார். பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையத்தை 1933இல் அவர் தொடங்கியதும் அங்கேதான். 1936இல் அந்தத் தீவில் குடியேறியிருந்த சின்ன ஆந்தைகளின் இருப்பிடத்தில் கிட்டத்தட்ட 200 புயல் பறவைகள் செத்துக் கிடந்தன. புயல் பறவை என்பது ஏறத்தாழ ஒரு சிட்டுக்குருவியின் எடையே கொண்ட கடற்பறவை. பகலெல்லாம் கடலில் திரிந்துவிட்டு, கல்லிடுக்கில் உள்ள கூட்டுக்கு இரவில் மட்டும் வரும். தரையில் அதற்கு ஒழுங்காக நடக்கவும் வராது. கொல்லப்பட்டவை குவியலாக அழுகிக்கொண்டிருந்தன. அவற்றின்மீது பிணம் புதைக்கும் வண்டுகள் மொய்த்தன.

இந்தக் கண்டுபிடிப்பு வந்த நேரம் முக்கியமானது. நம் ஊர்ப் புள்ளி ஆந்தைக்கு நெருங்கிய உறவான சின்ன ஆந்தை, பிரிட்டனுக்குச் சொந்தமான பறவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அது பெருகப் பெருக, வேட்டைப் பண்ணைகளின் காவலர்கள் அதன்மீது ஒரு விநோதக் குற்றச்சாட்டை வைத்தார்கள். பண்ணைக் குஞ்சுகளைக் கொன்று குவித்து, அழுகும் உடல்களைத் தேடி வரும் வண்டுகளைத் தின்கிறது என்றார்கள். பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை 1936-37இல் ஆலிஸ் ஹிப்பர்ட்-வேர் என்ற பெண்மணியின் பொறுப்பில் ஒரு விசாரணையை நடத்தியது. ஆந்தைகள் கக்கிய 2,460 உமிழ்வுருண்டைகளை அவர் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலும் பூச்சிகள்தான் இருந்தன. வேட்டைப் பறவைக் குஞ்சுகளின் எச்சம் கிடைத்தது இரண்டே இரண்டில். காவலர்கள் சொன்ன பிணக் கிடங்கு பண்ணை நிலங்களில் எங்கும் உறுதிப்படவில்லை.

ஹிப்பர்ட்-வேர் கண்டதும் உண்மை, லாக்லி கண்டதும் உண்மை. ஒரே இனம், ஒரே அலகு, ஒரே நகம். ஆனால் ஓரிடத்தில் வண்டும் புழுவும் பொறுக்கித் தின்று பிழைக்கிறது, இன்னோரிடத்தில் தின்ன முடியாத அளவுக்குக் கொன்று போடுகிறது. கொன்றுண்ணிப் பறவைகள் தேவைக்கு மிஞ்சிக் கொல்கின்றனவா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லப் பார்ப்பவர்கள் எல்லாரும் இந்தத் தீவில் வந்து தடுக்கி விழுவார்கள்.

இந்த நடத்தையை முறையாக ஆராய்ந்த முதன்மையான கட்டுரை பறவைகளைப் பற்றியதே அல்ல. ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் எழுதியது அது. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் மணல்மேட்டில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில், நரிகள் ஓர் இருட்டு இரவில் 200க்கும் மேற்பட்ட பறவைகளைக் கொன்றன. அவற்றில் தின்றவையோ தூக்கிச் சென்றவையோ மிகச் சில. செரங்கெட்டி சமவெளியில் மழையும் காற்றுமான ஓர் இரவில் கழுதைப்புலிகள் தாம்சன் மான்கள் 82ஐக் கொன்று, 27ஐப் படுகாயப்படுத்தின. இரண்டிடத்திலும் இருட்டு, இரண்டிடத்திலும் இரை எழுந்து ஓடவில்லை. க்ரூக் இதிலிருந்து எடுத்த முடிவு அரை நூற்றாண்டு கழிந்தும் வலுவாகவே நிற்கிறது: வயிறு நிறைந்த விலங்கு இரையைத் தேடுவதை நிறுத்திவிடும். ஆனால் இரை காலடியில் வந்து சிக்கினால், அதைப் பிடிப்பதையும் கொல்வதையும் நிறைந்த வயிறு தடுப்பதில்லை.

தேடலுக்கும் கொலைக்கும் இடையே இருக்கும் இந்தப் பிளவு பறவைகளிடமும் உண்டு. பூனைகளின் நடத்தையை ஆராய்ந்த பால் லைஹாசன், பதுங்குதல், பாய்தல், கொல்லுதல், தின்னுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உந்துதல் உண்டென்று முன்பே வாதிட்டிருந்தார். அமெரிக்காவின் ஹெல்முட் முல்லர் 1973இல் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகளிடமும் அகன்ற சிறகுப் பருந்துகளிடமும் இதையே சோதித்தார். பசி கூடினால் தாக்குதல் கூடும் என்பது சரிதான். ஆனால் தின்ன மறுக்கும் நிலைக்கு வந்த பறவையும் எலி ஓடினால் பாய்ந்தது. 1976இல் வேறொரு குழு அதே சிறு வல்லூறுகளுக்கு அடுத்தடுத்து எலிகளைக் காட்டியபோது, அவை பிடித்துக் கொன்று ஒளித்து வைத்தபடியே இருந்தன. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே மிகைக்கொலையும் சேமிப்பும் சேர்ந்து நின்றன. அப்படிச் சேர்ந்து நின்றது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

பசியோடு பிணைந்த கொலை உந்துதல் ஏன் போதாமல் போயிற்று? கொன்றுண்ணிப் பறவையின் அன்றாட வாழ்வைப் பார்த்தால் இது விளங்கும். பாய்ச்சல்களில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. உலகிலேயே வேகமான பறவை என்று பெயர் வாங்கிய பொரி வல்லூறும் பல தடவை தவறவிட்ட பிறகே ஒரு புறாவைப் பிடிக்கிறது. மூன்று நாள் மழை விடாமல் பெய்தால் வேட்டையே இல்லை. நூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள சிறு வல்லூறு உடலில் அதிகக் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பறக்க முடியாது. உடம்பில் சேர்க்க முடியாததை வெளியே சேர்க்க வேண்டும். கையில் அகப்பட்டதை இப்போது பசியில்லை என்று விட்டுவிடும் பறவை, நாளைக்குப் பட்டினி கிடக்கும். கொல்லும் விசையைப் பசியிடமிருந்து சற்றுக் கழற்றி வைத்திருக்கும் பறவைக்கே வாரிசு மிஞ்சும்.

ஆகவே, தின்னாமல் கிடக்கும் உடலைப் பார்த்ததும் வீண் என்று எழுதுவதற்கு முன் சற்றுக் காத்திருக்க வேண்டும். நகரங்களில் தேவாலயக் கோபுரங்களில் வாழும் பொரி வல்லூறுகள், ஒளிவிளக்குகளின் வெளிச்சத்தில் இரவில் வலசை போகும் பறவைகளைப் பிடித்துக் கோபுரத்தின் மூலையில் செருகி வைக்கின்றன. இங்கிலாந்தின் டெர்பி, பாத், எக்ஸிடர் போன்ற ஊர்களில் இதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் மட்டும் மேலே ஏறிப் பார்ப்பவருக்கு அது கொலைக்களம். மூலையில் கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கோ, பறவை திரும்பி வந்து பழைய இரையைக் கொத்தித் தின்பது தெரியும்.

சேமிப்பின் உச்சத்தைக் காண வடக்கே போக வேண்டும். பின்லாந்து, நார்வே காடுகளில் வாழும் பிக்மி ஆந்தை என்னும் குட்டி ஆந்தையின் எடை 60, 70 கிராம்தான். உறைபனி தொடங்கும் இலையுதிர் பருவத்தில் அது வோல் எனப்படும் வயலெலிகளையும் சிறு பறவைகளையும் கொன்று மரப்பொந்துகளிலும் ஆய்வாளர்கள் மாட்டிய கூட்டுப்பெட்டிகளிலும் அடுக்குகிறது. ஒரு பெட்டியில் பல பத்து உடல்கள் சேரும். பனிப்படலம் கனத்து, எலிகள் அடியில் போய்விடும் மாதங்களில் அந்த அடுக்கிலிருந்துதான் அது சாப்பிடும். உறைந்து கல்லாகிவிட்ட எலியை எப்படித் தின்பது? இவ்வகை வடபுல ஆந்தைகள் அதன்மீது அடைகாப்பதுபோல் உட்கார்ந்து உடற்சூட்டில் இளக்குகின்றன. கனடாவில் போரியல் ஆந்தையிடம் இதை 1970களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். நார்வேயின் ரோவார் சோல்ஹெய்ம் 1984இல் குட்டி ஆந்தையின் சேமிப்பை ஆராய்ந்தபோது, தலைப்பிலேயே மிகைக்கொலை என்ற சொல்லைப் போட்டார். எலி பெருகும் குளிர்காலத்தில் ஆந்தை தன் கொலையை எப்படிக் கூட்டுகிறது என்பதே அவருடைய கேள்வி. எலிகளின் பெருக்கம் அங்கே மூன்று, நான்கு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவது. ஏறும்போது வாரிக்கொள்ளத் தெரிந்தவற்றுக்கே அங்கே வாழ்வு.

கூட்டில் குவியும் இரை இன்னொரு வகை. வடதுருவப் பகுதியின் பனி ஆந்தை, லெம்மிங் எலிகள் பெருகிய கோடையில் கூட்டைச் சுற்றி உடல்களை வேலிபோல் அடுக்கிவிடும். 2013 கோடையில் கனடாவின் வடகியூபெக்கில் ஒரு கூட்டைச் சுற்றி 70 லெம்மிங்குகளும் 8 வோல்களும் கிடந்தன. அந்த ஆண்டின் குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்து, குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகிலும் தென்பட்டன. கொன்று குவிப்பது ஆண் ஆந்தை. அடைகாக்கும் பெட்டைக்கும், நாள் இடைவெளிவிட்டுப் பொரியும் குஞ்சுகளுக்கும் சேர்த்து அது கொண்டுவருகிறது. பின்லாந்தின் எர்க்கி கோர்ப்பிமாக்கி, போரியல் ஆந்தைகளின் கூடுகளில் 1987இல் காட்டியதும் இதுவே: குவியல் எலி மிகுந்த ஆண்டில்தான் பெரிது, திடீர்ப் பஞ்சத்துக்கு அது ஈடு. கூகைகளும் குஞ்சு பொரியும் நாட்களை ஒட்டியே அதிகம் சேர்க்கின்றன என்பதை சுவிட்சர்லாந்தின் அலெக்சாந்தர் ரூலேன் ஆராய்ந்தார்.

காவிரிப் படுகை விவசாயிகள் வயலில் குச்சி நட்டுக் கூகை உட்கார இடம் செய்து கொடுக்கிறார்கள். எலி பெருகிய போகத்தில் கூகை தான் தின்பதைவிடக் கூடுதலாகக் கொன்றால் அங்கே யாரும் முறையிடப்போவதில்லை. அதே நடத்தை நெல்வயலில் உதவி, கோழிக்கொட்டிலில் கொடுமை. நடத்தைக்குப் பெயர் வைக்கும்போது நம் இழப்பும் நம் ஆதாயமும் அந்தப் பெயருக்குள் புகுந்துவிடுகின்றன. இத்துறையில் எழுதும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எலியனோரா வல்லூறின் கதை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. மத்தியதரைக் கடல் தீவுகளிலும் மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலும் கூட்டமாகக் கூடு கட்டும் பறவை இது. குளிர்காலத்தை மடகாஸ்கரில் கழிக்கும். மற்றப் பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்க, இது மட்டும் கோடைக் கடைசியில் பொரிக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சிறு பறவைகள் கடலைக் கடக்கும் வாரங்களுக்குத் தன் குஞ்சுகளின் பசியைப் பொருத்தி வைத்திருக்கிறது. காற்று சாதகமாக வீசும் நாளில் இரை வந்து கொட்டும், மறுநாள் வானம் வெறுமையாக இருக்கும். இப்படிப்பட்ட பறவை சேமிப்பதில் வியப்பில்லை. 2014இல் மொராக்கோவின் எஸவீரா ஊருக்கு எதிரே உள்ள மொகடோர் தீவுகளில் கணக்கெடுத்தவர்கள் கண்டது அதற்கும் மேலே. பாறைப் பிளவுகளில் சிறு பறவைகள் உயிரோடு திணிக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் சிறகு, வால் இறகுகள் பிடுங்கப்பட்டிருந்தன. அப்தெல்ஜெபார் க்னின்பாவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் இதை வெளியிட்டு, வல்லூறு இரையைச் சிறை வைக்கிறதா என்று கேட்டார்கள். வேறு ஆய்வாளர்கள் சிலர் ஐயம் தெரிவித்தார்கள். அரைகுறையாகத் தாக்கப்பட்ட பறவை தானே பிளவில் போய் ஒளிந்திருக்கலாம் என்பது ஒரு வாதம். ஒரு தீவின் சில நிகழ்வுகளைக் கொண்டு ஓர் இனத்தின் வழக்கத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்ற ஐயத்தின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனாலும் வெயில் காயும் பாறையில் செத்த இரை ஒரே நாளில் கெட்டுவிடும் என்பதை நினைத்தால், உயிருள்ள இரையை வைத்திருப்பதில் உள்ள ஆதாயம் புரிகிறது.

சேமிப்புக்குச் சாப்பாட்டைத் தாண்டிய பயனும் இருக்கலாம். கீச்சான் கொன்றுண்ணிப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, பாடும் பறவை. ஆனால் முள்ளில் இரையைக் குத்தி வைக்கும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ரூவன் யோசெஃப் 1980களில் செய்த சோதனைகளில், முள்ளில் அதிக இரை வைத்திருந்த ஆண்களையே பெட்டைகள் விரும்பின.

இத்தனை விளக்கங்களைக் கழித்த பிறகும் உண்மையான மிகைக்கொலை கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது. அதை மறைப்பது பறவைகளுக்கும் நன்மை செய்யாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இயன் நிஸ்பெட் பல ஆண்டுகள் ஆலாக் கூட்டங்களைக் கவனித்தார். கொம்புள்ள பெரிய ஆந்தை ஒன்றே ஒன்று இரவில் வந்தால் போதும். ஆலாக்களைக் கொன்று தலையை மட்டும் தின்றுவிட்டு உடலைப் போட்டுவிடும். தப்பிய ஆலாக்கள் இரவெல்லாம் கூட்டைவிட்டுப் பறந்துபோய் விடிந்த பிறகே திரும்பும். முட்டைகள் குளிர்ந்து, பொரிவது தள்ளிப்போகும். பொரியும் குஞ்சுகளை எறும்பும் இராக்கொக்கும் எடுத்துக்கொள்ளும். ஆந்தை கொன்றதைவிட, ஆந்தைக்குப் பயந்ததால் செத்தவை அதிகம். வேட்டைக்காக வளர்க்கப்படும் ஃபெசன்ட் குஞ்சுகளின் அடைப்புகளில் ஆந்தைகள் செய்வதாகச் சொல்லப்படும் சேதமும் இந்த வகைதான்.

இந்த இடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் க்ரூக்கின் விதி பறவைகளுக்கும் அப்படியே பொருந்துவது தெரியும். இரவில் எழுந்து பறக்கத் தயங்கும் ஆலா, தரையில் நடக்க வராத புயல் பறவை, கம்பி வலைக்குள் ஓட வழியில்லாத குஞ்சு. மூன்றிலும் தேடல் என்ற செலவு விழுந்துவிடுகிறது. இயல்பான காட்டில் வயிறு நிறைந்த ஆந்தை கிளையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும். அடுத்த இரையைத் தேடிப் புறப்படாது. இங்கே புறப்படவே தேவையில்லை. ஆந்தையின் குணம் மாறவில்லை, இரையின் நிலைமை மாறியிருக்கிறது. அதனால்தான் ஸ்கோக்ஹோமில் நடந்தது இங்கிலாந்தின் வயல்களில் நடக்கவில்லை.

பயிற்சிக்காகக் கொல்கின்றன என்ற விளக்கம் ஒன்றும் உண்டு. கார்ன்வால் கடற்பாறைகளில் பொரி வல்லூறுகளைப் பல்லாண்டு கவனித்த ஓவியர் டிக் டிரெலீவன், அவற்றின் வேட்டையில் தீவிரமானது, மெத்தனமானது என இரு வகை உண்டென்று 1980இல் எழுதினார். மெத்தனப் பாய்ச்சலில் பறவை பெரும்பாலும் பிடிக்கவே முயல்வதில்லை. இளம் வல்லூறுகள் இப்படித் துரத்தும்போது எப்போதாவது இரை அடிபட்டுக் கடலில் விழும், எடுக்கப்படாமல் போகும். இதற்கு மேல் இந்த விளக்கத்தில் சரக்கு அதிகம் இல்லை.

கொலைவெறி என்பது உள்ளிருந்து பொங்கும் விசையானால், வயிற்றுக்குப் போட்டாலும் அது அடங்கக் கூடாது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் மேட்டுநிலத்தில் பூனைப் பருந்துகளுக்கும், கிரௌஸ் கோழிகளைச் சுட்டு மகிழும் வேட்டைக்காரர்களுக்கும் நீண்ட வழக்கு. 1998, 1999 ஆண்டுகளில் ஸ்டீவ் ரெட்பாத்தும் உடன் ஆய்வாளர்களும் சில கூடுகளின் அருகே செத்த எலிகளையும் கோழிக்குஞ்சுகளையும் தினமும் வைத்தார்கள். தீனி கிடைத்த பருந்துகள் 100 மணி நேரத்துக்குச் சராசரியாக 0.5 கிரௌஸ் குஞ்சுகளைக் கூட்டுக்குக் கொண்டுவந்தன. தீனி கிடைக்காதவை 3.7. இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடற்கரையில் குட்டி ஆலாக் குஞ்சுகளைத் தூக்கும் கெஸ்ட்ரல்களுக்கும் இப்படித் தீனி வைத்தபோது, குஞ்சு இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பசியும் கொலையும் முழுவதும் அறுபட்டவை அல்ல. இடையில் உள்ள கயிறு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு நூலகத்தோடு முடிகிற விஷயம் அல்ல. கொல்வதற்காகவே கொல்லும் பறவை என்ற சொல் போன நூற்றாண்டில் துப்பாக்கிக்கு உரிமம் கொடுத்தது. அலாஸ்காவில் 1917 முதல் வெண்தலைக் கழுகின் தலைக்கு விலை வைத்தார்கள். சால்மன் மீனையும் பண்ணை நரிகளையும் அழிக்கிறது என்பது குற்றச்சாட்டு. 1953இல் அந்தச் சட்டம் நிற்பதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் பலியாயின. பென்சில்வேனியா மாநிலம் 1929இல் கோஸ்ஹாக் என்ற பெரிய வல்லூறு ஒன்றுக்கு 5 டாலர் அறிவித்தது. மலைமுகட்டில் வலசை போகும் வல்லூறுகளை வேட்டைக்காரர்கள் குவித்துப் போட்டதைக் கண்டு கொதித்த ரோசலி எட்ஜ் 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தினார். அதுதான் இன்றைய ஹாக் மவுண்டன் சரணாலயம். தின்னாமல் விடப்பட்ட உடல்களின் எண்ணிக்கையில், அந்த முகட்டின் அடியில் கிடந்த வல்லூறுகளுக்கு ஈடாக எந்த ஆந்தையின் கிடங்கும் வராது. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

கோழி இழந்தவரின் வலியும் பொய்யல்ல. ஆனால் மேலே சொன்னவை உண்மையானால், மருந்து இரையின் பக்கத்தில்தான் இருக்கிறது. கொட்டிலுக்கு மேல்வலை போடுவது, இரவில் அடைப்பது, குஞ்சுகள் ஒதுங்கப் புதர் வைப்பது, தேவையான மாதங்களில் மட்டும் மாற்றுத் தீனி வைப்பது. ஓர் ஆந்தையைச் சுட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு ஆந்தை வரும், திறந்த கொட்டில் திறந்தபடியே இருக்கும்.

ஆய்வாளர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. பழைய பதிவுகளில் பல ஒரே வருகையின் பதிவுகள். எத்தனை உடல் என்று எழுதியவர்கள், எந்த மாதம், கூட்டில் முட்டையா குஞ்சா, பறவை திரும்பி வந்ததா, யாராவது விரட்டினார்களா என்று எழுதவில்லை. மனிதன் நெருங்கியதால் இரையை விட்டுப் பறந்த பருந்தும், தின்ன மனமில்லாமல் விட்ட பருந்தும் அந்தக் குறிப்பேடுகளில் ஒன்றே.

காத்திருந்து பார்த்தவர்களின் ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மறுபடி பின்லாந்துதான் சாட்சி. மேற்குப் பின்லாந்தின் கவுஹாவா பகுதியில் கோர்ப்பிமாக்கியின் குழு 2003 முதல் குட்டி ஆந்தைகளின் குளிர்காலக் கிடங்குகளை ஆண்டுதோறும் திறந்து எண்ணி, ஆந்தைகளுக்கு வளையமிட்டு வந்தது. ஜூலியா மசோவெரோவும் அக்குழுவினரும் 2020இல் வெளியிட்ட முடிவு இது: இலையுதிர் காலத்தில் மழை நாட்கள் கூடி, குளிர் தாமதமாகும் ஆண்டுகளில் கிடங்குகள் உறையாமல் நனைந்து அழுகுகின்றன. அழுகிய கிடங்கை நம்பியிருந்த பெட்டைகள் அடுத்த ஆண்டில் மறுபடி அகப்படுவது குறைந்தது. அந்த ஆந்தைகள் தம் மூதாதைகள் கொன்றதுபோலவே கொன்றன. அடுக்கிய பெட்டியும் மாதமும் பழையவையே. நவம்பர் மட்டும் சூடேறிவிட்டது. அதே பெட்டியில் அதே எண்ணிக்கையில் கிடக்கும் அதே வோல்கள், பனி விழுந்த ஆண்டில் சேமிப்பு, மழை பெய்த ஆண்டில் மிகைக்கொலை.